எடைமேடை ஜன்னலும் என் பாஸ்வேர்டும்

சித்தூர் சாலையில் இருக்கும் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் எடைமேடைக்குப் பொறுப்பு நான்தான். சீசன் வந்துவிட்டால் பாலசமுத்திரம், புத்தூர்ப் பக்கத்து டிராக்டர்களெல்லாம் தோத்தாபுரி மாங்காயை ஏற்றிக்கொண்டு வாசலில் வரிசை கட்டும். என் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகக் கணினித் திரை வெளியே தெரியும். திரையில் வரும் எடையை நான் உரக்கப் படிக்க வேண்டும், ஜன்னலில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்வார், கடைசி டிராக்டர்வரை அது வாய்வாயாகப் போகும் என்பது எங்கள் வழக்கம். எல்லோர் காதிலும் விழுந்த எடையைப் பிறகு யாரால் மாற்ற முடியும்? நல்ல வழக்கம்தான். பாஸ்வேர்டு வந்த பிறகுதான் தலைவலி.

கணினியில் இருந்தது பழைய புரோகிராம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. எடை வந்ததும் என் பாஸ்வேர்டைத் தட்டினால்தான் ரசீது அச்சாகும்; பதிவான எடையைத் திருத்தவும் அதே பாஸ்வேர்டுதான். தட்டுவதெல்லாம் அப்படியே திரையில் தெரியும். தெரிந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஜன்னலில் நின்ற டிரைவர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வடகறின்னு போட்டுக்கீது! அக்காவுக்கு வடகறின்னா உசுரு போலக்கீது" என்றார். அதுவும் வாய்வாயாகப் போய், கேட்வரை ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. நான் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ அதே வடகறியைத் தட்டி ஒரு லோடின் எடையைத் திருத்திவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா, நீ பழையபடி காய் கழுவப் போய்டும்மா" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. காய் கழுவும் இடத்திலிருந்து போராடி ஏறிவந்த நாற்காலி இது.

புரோகிராமைச் சரிசெய்யத் திருப்பதியிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தாள். ஒல்லியாக, காலேஜ் பிள்ளைபோல இருந்தாள். இது வந்து என்னத்தைக் கிழிக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். வந்தவள் கணினியைத் தொடவில்லை. நேராக ஜன்னலுக்கு வெளியே போய், டிரைவர்களோடு டிரைவராக நின்று திரையைப் பார்த்தாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

என்னைப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் வரும்படி செய்தாள். கூட்டம் நட்சத்திரங்களையும் உரக்க எண்ணியது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அவற்றையும் எடுத்துவிட்டாள். இப்போது எதைத் தட்டினாலும் உள்ளே போகும், திரையில் ஒன்றும் வராது. முதல் தடவை நானே மிரண்டுபோனேன். வெளியே கூச்சல் கிளம்பியது.

"கீபோர்டு பூட்ச்சுபா!"

"அதெல்லாம் இல்ல. நமக்குத் தெரியாம எடைய மாத்திக்கினு கீறாங்கோ!"

அவள் கோபப்படவே இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து எதையோ எழுதினாள். அதன் பிறகு பாஸ்வேர்டு கேட்கும்போதும் எடை மறையாமல் திரையின் உச்சியில் அசையாமல் நின்றது. கூச்சல் அடங்கியது. ஆனால் அடுத்த லோடுக்கு நான் பாஸ்வேர்டைத் தட்டியதும், ஜன்னலில் நின்றவர் அதை அப்படியே ஒப்பித்தார்! திரையில்தான் ஒன்றுமில்லையே, இந்த மனுஷன் எங்கே பார்த்தான்?

"அக்கா, நீங்கதான் சொல்லிக்கினே தட்டறீங்க" என்றாள் அவள்.

இத்தனை சீசனாகக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துப் பழகிய வாய். திரை மூடிக்கொண்டது, இது மூடவில்லை. அடக்கிக்கொண்டு தட்டிப் பார்த்தேன், உதடு தானாக அசைந்தது. நாற்காலி போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். இவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "வாய மூடாதீங்க அக்கா. மேல எடை தெரியுது இல்ல, வாய் அதையே படிச்சிக்கினு இருக்கட்டும். கை பாட்டுக்குப் பாஸ்வேர்ட தட்டட்டும்."

பாஸ்வேர்டை மறுபடி மாற்றினோம். நாக்கு ஒரு பக்கம் இழுத்தது, விரல் ஒரு பக்கம் இழுத்தது. எடையையே பாஸ்வேர்டாகத் தட்டித் தொலைத்தேன். அவள் திருப்பதி பஸ்ஸை விட்டுவிட்டு, எனக்குப் பிடிபடும்வரை பக்கத்திலேயே நின்றாள். புரோகிராம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். என் வாயையும் கணக்கில் எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் முதலாளி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார், சோதிக்கத்தான். நான் எடையைப் படித்தேன். ஜன்னல் படித்தது, வரிசை படித்தது. அவரும் தன்னை அறியாமல் சேர்ந்து படித்தார். ரசீது அச்சாகி வெளியே வந்தது. அவர் இன்னும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு எப்பம்மா போடுவ?"

"போட்டாச்சு சார்" என்றேன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.