வலப்பக்கம் உட்கார்ந்தவள்

ஜாவாவின் சலாதிகா ஊரில் சோத்தோ என்னும் கோழிச் சாறு விற்கும் கடை நடத்தும் சுலாஸ்மிக்கு வயது அறுபத்தாறு. கடையின் கண்ணாடி அலமாரியில் கீழ்த்தட்டில் தெம்பே என்னும் சோயா வறுவல், மேல்தட்டில் உள்ளங்கை நீளப் பொம்மை லாரிகள். வறுவலைக் கேட்காமல் எடுக்கலாம். லாரியைத் தொட்டால் கரண்டி பறந்து வரும். மொத்தம் முப்பத்தெட்டு, எல்லாமே முன்னால் மூக்கு நீண்ட பழைய காலத்து லாரிகள். ஊர் ஊராகக் கூடி இந்தக் குட்டி வண்டிகளைக் காட்டி மார்தட்டிக்கொள்ளும் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். கணவர் மர்ஜூக்கியின் ஆசைக்காக அவள் வாங்கித் தருவதாகவே அங்கே எல்லோரும் நினைத்தார்கள். மர்ஜூக்கியின் ஆசையெல்லாம் கீழ்த்தட்டோடு சரி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த வருடக் கண்காட்சியில் சங்கம் புதிதாக ஒரு போட்டி வைத்தது: ‘நம் சாலையில் ஓடிய லாரி’. உண்மையில் இங்கே ஓடிய ஒரு வண்டியை, ‘ஓடியபடியே’, அதாவது அன்று இருந்த அச்சாகவே, செய்துவைக்க வேண்டும். கூடவே ஒரு அட்டை. அதில் மூன்று வரிகள்: வண்டி எண், ஓடிய தடம், ஓட்டியவர் பெயர். மூன்றாவது வரியைப் படித்ததும் சுலாஸ்மி அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருடம் அவள் அப்பா, ஃபார்கோ லாரியைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பும்போது அது எதிர்த்து உதைத்ததில் கையை ஒடித்துக்கொண்டார். கோபெங் மலையில் அறுத்துப் போட்ட முட்டைக்கோசு கை கூடும்வரை காத்திருக்குமா? பத்தொன்பது வயதில் சுலாஸ்மி ஏறி உட்கார்ந்தாள். கை கூடிய பிறகும் அப்பா அவளை இறங்கச் சொல்லவில்லை. பதினோரு வருடம் செமாராங் சந்தைக்கு ஓட்டினாள். அப்புறம் லாரி விற்றுப்போனது, அவள் கரண்டி பிடித்தாள், ஊர் மறந்தது. ஊரை விடுங்கள். பெற்ற மகன் பஞ்சுல் யாரிடமோ, “அப்பா லாரி ஓட்டின காலத்துல…” என்று அளந்துகொண்டிருந்ததை அவளே காதால் கேட்டிருக்கிறாள். அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆகவே அந்த அட்டையில் தன் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

வெளிநாட்டில் செய்த ஃபார்கோ பொம்மை ஒன்று அவளிடம் இருந்தது. ஐஸ் குச்சிகளைச் சீவி மர அடைப்புக் கட்டினாள். பின்னால் கயிற்றில், மேட்டில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையையும் தொங்கவிட்டாள். பிறகு, சங்கத்தார் கனவிலும் செய்யாத காரியத்தைச் செய்தாள். வண்டியின் அடியில் அதைப் பிணைத்திருக்கும் இரண்டு ரிவிட் ஆணிகளையும் துளைத்து எடுத்து, வண்டியைப் பிரித்தாள். ரிவிட் கழன்ற பொம்மை செத்த பொம்மை என்பது அவர்கள் வேதம்.

கண்காட்சி ஞாயிறு காலை. அட்டைகளைச் சரிபார்த்த ஆள், ஓட்டியவர் என்ற இடத்தில் ‘சுலாஸ்மி’ என்று இருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

“கொண்டுவந்தவர் பேர் இல்ல அம்மா, ஓட்டினவர் பேர் கேக்குறோம்.”

“அதத்தான் எழுதியிருக்கேன்.”

அவன் அதையும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டான். பெயரை அடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, மேலே ‘மர்ஜூக்கி’ என்று எழுதினான். சுலாஸ்மிக்கு முகம் சுட்டது. அட்டையைப் பிடுங்கப் போனவள், மற்ற லாரிகளின் கண்ணாடிக்குள் ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

மேசையில் பன்னிரண்டு லாரிகள் நின்றன. சங்கத் தலைவரும் தலைமை நடுவருமான பல் டாக்டர் ஹெந்தார்த்தோ வெள்ளைக் கையுறையோடு வந்தார். வீட்டில் தொள்ளாயிரம் வண்டி வைத்திருப்பவர், பாதியைப் பெட்டியைவிட்டே எடுத்ததில்லை. சுலாஸ்மியின் லாரியைப் புரட்டிப் பார்த்தவர், பிணத்தைப் பார்த்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

“ரிவிட்ட தோண்டியிருக்கீங்களே அம்மா. தோண்டுறதே தொழிலா இருக்கிற நான்கூட இந்தப் பாவத்தப் பண்ணமாட்டேன்.”

“சொத்தை இருந்தா தோண்டித்தானே ஆகணும், டாக்டர்?”

கூட்டம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ரிவிட் திறந்த வண்டி போட்டிக்கு ஆகாது, மேசையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். சுலாஸ்மி மறுக்கவில்லை. எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி என்றாள். மேசை நடுவில் நின்ற டாக்டரின் சொந்த லாரியைக் காட்டினாள். உள்ளூர் எண் பலகை, சேறு தடுப்பில் கவிதை, கடுகளவு கேரட் மூட்டைகூட இருந்தது.

“மலை இறங்குறீங்க. முன்னால மாட்டுவண்டி. முந்தணும். எதிர்ல பஸ் வருதான்னு எட்டிப் பாக்கணுமே, உங்க டிரைவர் எந்தப் பக்கம் உக்காந்திருக்கார்?”

டாக்டர் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார். நிமிரவில்லை. அடுத்த லாரியைப் பார்த்தார், அதற்கடுத்ததையும். பதினோரு லாரியிலும் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. செய்த நாட்டில் அப்படித்தான் ஓட்டுவார்கள். ரிவிட்டைத் தொடக் கூடாதென்று வெளியே பூசி, ஒட்டி, அலங்கரித்தவர்கள் உள்ளே கைவைக்கவில்லை. சுலாஸ்மியின் ஃபார்கோவில் மட்டும், ஜாவா சாலைக்கு ஏற்றபடி, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது.

‘ஓடியபடியே’ என்ற விதியை எழுதியவர் டாக்டர்தான். நல்ல மனிதர், அதை விழுங்கப் பார்க்கவில்லை. ரிவிட் திறந்தது குற்றமில்லை, விலக்கப்படுவது மற்ற பதினோரு வண்டிதான், அதிலும் முதலில் தன்னுடையது என்று அவரே அறிவித்தார். பிறகு வென்ற வண்டியின் அட்டையை உரக்கப் படித்தார்.

“ஓட்டியவர், மர்ஜூக்கி.”

“யாரு, நானா?” பின்வரிசையிலிருந்து மர்ஜூக்கி எழுந்தார். வாயில் வாழைப்பழ பஜ்ஜி. “நான் கிளீனருங்க. கட்டை போட்டவன். அந்த ஸ்டீயரிங்க இவ ஒருநாளும் என்னைத் தொட விட்டதில்ல.”

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. டாக்டர் கையுறையைக் கழற்றினார், பேனாவை வாங்கினார், கணவர் பெயரை அடித்துவிட்டு அதற்கும் மேலே ‘சுலாஸ்மி’ என்று பெரிதாக எழுதினார். சுலாஸ்மி அழுதாள். மகிழ்ச்சியில்தான், அதை மறைக்கவும் இல்லை.

கோப்பை இப்போது தெம்பே வறுவலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அடித்தல் திருத்தலோடு அந்த அட்டை மட்டும் மேல்தட்டில், ஃபார்கோவின் காலடியில். போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, இது யார் வீட்டு வண்டி என்று கேட்டார். பஞ்சுல் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்க வீட்டு வண்டிதான். அம்மா ஓட்டினது.”

சுலாஸ்மி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரரின் கிண்ணத்தில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோத்தோ விழுந்தது.