துருசைத் திறக்க ஒரு கூட்டம்

குளத்தில் தண்ணீர் இருந்தது. அதன் கீழே மங்களத்தின் சிறுபோக நெல், பால்பிடிக்கும் பருவத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையில், குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் ஒரு துருசுக் கதவு.

மங்களம் ஜெயபுரத்தில் என் அயல் வயற்காரி. குத்தகைக் காணி.

"ஐயா, ஒரு தண்ணி விட்டால் காணும், நெல் தப்பிடும். நீங்கள் இருந்த கந்தோர்தானே, வந்து கதையுங்கோ" என்றார்.

நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனோம். நான் ஓய்வுபெற்றபின் என் கதிரைக்கு வந்த இளம் அதிகாரி எழுந்து நின்றார்.

"கடைசித் தண்ணிக்குத் திகதி முடிஞ்சுது, சேர். மாத்திறதெண்டால் திரும்பக் கூட்டம் வைக்கோணும். எல்லா விவசாயச் சங்கத் தலைவர்மாரும் ஓமெண்டு சொல்லோணும்."

"அவசரமெண்டால் அதிகாரி தன்ர பொறுப்பில திறக்கலாமெல்லோ?" என்றேன்.

"அது முந்தி. நீங்கள்தானே சேர் அதை எடுத்துவிட்டனீங்கள்!"

உண்மைதான். ஒருமுறை நான் திறந்த தண்ணீரில் ஒருவருடைய அறுத்த நெல் நனைந்து, என்மேல் முறைப்பாடு போனது. அதன்பிறகு எவருடைய பொறுப்பும் ஆகாதபடி விதியைத் திருத்தினேன். மிகத் தெளிவான திருத்தம், ஓட்டையே இல்லை.

மங்களம் என்னைப் பார்த்தார். "அப்ப வடிவாப் பூட்டிப்போட்டுத்தான் பென்சன் எடுத்திருக்கிறியள்."

அதிகாரி எனக்காக இரங்கினார். "என்ன செய்யிறது, அக்கா. வன்னி வறண்ட இடம்தானே."

யன்னலுக்கு வெளியே குளம் பளபளத்தது. இந்தப் பகுதி ஏன் ஏழையாகவே இருக்கிறது என்று ஆராய வந்த எல்லோருக்கும் நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும் மழை, மண் சரியில்லை, வற்றாத ஆறு இல்லை. நாடுகளின் வறுமைக்கும் அதே காரணத்தை நீட்டியிருக்கிறேன். மழையைக் குற்றம் சொன்னால் அது முறைப்பாடு எழுதாது.

கூட்டம் வைத்தார்கள். ஒரு தலைவர் மல்லாவியில் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார், ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது நெல் முழுக்க மணி பிடிக்காத சப்பி. மங்களம் வயலில் மாடுகளை விட்டிருந்தார்.

"தண்ணி வந்திட்டுது" என்றேன்.

"வரட்டும், ஐயா. மாடும் குடிக்கத்தானே வேணும்."

பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதி எழுதும்போது, அவசரத்தில் கதவைத் திறந்துவிட்டுப் பழியையும் ஏற்கக்கூடிய ஒரு ஆளை அதில் விட்டுவையுங்கள். நான் விடவில்லை. அடுத்த போகத்துக்கு மங்களம் காணி எடுக்கவில்லை.