ஐம்பது கே.பி.க்குள் அடங்காத முகம்

கம்ப்யூட்டர் சென்டர் வைக்க கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சா போதாது, மீன்காரக்காவுக்குக் கணக்கு சொல்லிப் பிழைக்கவும் தெரியணும். திருவொற்றியூர்ல பத்து வருஷமா நான் படற பாட்டை, என்னை மாதிரியே கடை போட்டு மாட்டிக்கிட்டவங்க கேளுங்க.

ஐஸ் எடை

காசிமேட்டுல மீன் விக்கிற கஸ்தூரியக்கா, மக கல்யாண வீடியோவுக்குப் பதினாறு ஜி.பி. பென் டிரைவ் வாங்கிட்டுப் போனாங்க. மறுநாளே சண்டைக்கு வந்துட்டாங்க. பதினாலு சொச்சம்தான் காட்டுதாம். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணும், அதான் குறையுதுன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் கண்ணு, ஐஸோட சேத்து நிறுத்துக் குட்த்துட்டியா?"

அறுபத்தெட்டு கிலோ

போன மாசம் ஒருநாள் மூணு மணிக்கு அதே அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. கவர்மெண்ட் ஆஸ்டல் சமையல் வேலைக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட அன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி. வயசு வரம்பும் இந்த வருஷத்தோட சரி. இதை விட்டா சாகற வரைக்கும் கூடைதான், முட்டியோ தேஞ்சு கிடக்குது. செல்லுல இருந்த போட்டோ நாலு எம்.பி. "அம்பது கே.பி.க்குள்ளதான் எடுத்துப்பான், நீங்க ரொம்ப ஜாஸ்தி இருக்கீங்கக்கா"ன்னு அவசரத்துல உளறிட்டேன். அக்கா முகம் விழுந்துடுச்சு.

"நான் அறுவத்தெட்டு கிலோ கீறேனே, அஞ்சு மணிக்குள்ள எப்டிமா எளைக்கிறது?"

கொசுறு

எடை இல்லக்கா, போட்டோவோட அளவுன்னு புரிய வச்சேன். நாலு எம்.பி.ன்னா எத்தினி கே.பி.ன்னு கேட்டாங்க. நாலாயிரத்துத் தொண்ணூத்தாறுன்னேன். விரல் விட்டுப் பார்த்தாங்க.

"நாலாயிரம் சரக்கு, தொண்ணூத்தாறு கொசுறு. கொசுறே அம்பதுக்குள்ள அடங்காதேமா!"

பொண்ணு பார்க்கும் சைட்டு

சைட்டு நகரவே மாட்டேங்குது. ஒருவழியா போட்டோவைச் சுருக்கி ஏத்தினா, பதினெட்டு கே.பி.க்குப் போயிடுச்சு. இருபதுக்குக் குறையக் கூடாதுன்னு சிவப்பு எழுத்துல வந்து நிக்குது! மணி நாலே முக்கால். நான் மறுபடி முதல்லேர்ந்து சுருக்கறேன், அக்காவுக்குக் கோபம் தலைக்கேறுது.

"பெருசுன்னாலும் வாணான்றான், சிறுசுன்னாலும் வாணான்றான், இன்னா பொண்ணு பாக்கவா வந்துகிறான்?"

சுருக்கம்

அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது முப்பத்தொரு கே.பி.யில மூஞ்சி உள்ளே போச்சு. விண்ணப்பம் சேர்ந்துடுச்சுன்னு வந்ததும் நான் கத்தின கத்துல பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு, வாய் மட்டும் சிரிச்சுது.

"நீ சுருக்கினதுல என் சுருக்கமெல்லாம் பூட்ச்சே கண்ணு, இந்த மூஞ்சிக்கு இன்னும் பத்து வருசம் அப்ளிகேஷன் போடலாம் போல கீதே!"

கே.பி., எம்.பி., ஜி.பி.ன்னு எதை வேணும்னாலும் சுருக்கித் தரேன், இந்த அக்கா வாயைச் சுருக்கத்தான் இன்னும் சாஃப்ட்வேர் வரலை.