எதிர்க்காற்றில் பொரி மூட்டை

மாசாணியம்மாள் சிங்காநல்லூர் நூல் மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். மில்லை மூடியதும் பேட்டரியில் ஓடும் லோடு ஆட்டோவுக்கு மாறினாள். அவிநாசி பொரி மில்லில் காலையில் ஏற்றி, ஒன்பதுக்குள் ஆர்.எஸ்.புரம் மொத்தக் கடையில் இறக்க வேண்டும்.

ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கத் தொடங்கியது. ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகச் சார்ஜ் தீர்ந்து, பீளமேட்டில் வண்டி நின்றுவிட்டது. பொரி மில்லுக்காரர் வெங்கடபதி போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் இப்படின்னா டீசல் வண்டிக்குச் சொல்லிப்போடுவேனுங்க, அம்மணி."

பைக்கில் வந்து பேட்டரியைச் சோதித்த மெக்கானிக் ஆரிஃப், "பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்க்கா. லோடைக் கொறைங்க" என்றான்.

"பொரி கண்ணு இது! ஊதுனா பறக்கும். அரை டன் அரிசி ஏத்தீட்டு இதே ரோட்டுல வந்திருக்கறேன், நிக்கல."

சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். கேபினுக்கு மேலே தெரிந்த மூட்டைகள் மட்டும், யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் பின்னால் சாய்ந்திருந்தன.

"இங்க பாரு, ஆரிஃபு. அரிசி கேபினுக்குக் கீழயே அடங்கிரும். இது செவுரு மாதிரி நிக்குது. காத்துதான் புடிச்சுத் தள்ளுது."

"எத்தனை ஸ்பீடுல ஓட்டுனீங்க?"

"நாப்பத்தஞ்சு. நேரமாச்சேன்னு முறுக்குனேன்."

"வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு தள்ளுமுங்க்கா. முறுக்குனதுலதான் நின்னுபோச்சு."

மறுநாள் அரை மணி முன்னதாகவே அவிநாசியில் நின்றாள். முன்வரிசை மூட்டைகளைக் கேபின் உயரத்தோடு நிறுத்தி, பின்னால் போகப் போகத் தாழ்ந்து இறங்கும்படி சரிவாக ஏற்றச் சொன்னாள். படபடக்காதபடி தார்ப்பாயை இறுக்கிக் கட்டினாள். முப்பதுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினாள்.

டவுன்பஸ் ஹாரன் அடித்துத் தாண்டியது. பைக்கில் வந்த ஒருவன், "ஏனுங்க்கா, தள்ளி உடட்டுங்களா?" என்றான்.

"உன்ற ஊடு வரைக்கும் தள்ளு சாமி" என்றாள்.

பீளமேட்டில் மணி எட்டரை. சிக்னலைத் தாண்டியதும் முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. கை முறுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பதிலேயே போனாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடை முன்னால் நிறுத்தினாள். சார்ஜ் பதினொரு சதவீதம் மிச்சம். மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெங்கடபதி கூப்பிட்டார்.

"நாளைக்கு அஞ்சு மூட்டை சேத்திப் போட்டுக்கலாமுங்களா?"

"பின்னால எடமிருந்தா போடுங்க. என்ற தலைக்கு மேல ஒண்ணுகூட ஏத்தக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, சார்ஜர் வயரை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள்.