கோட்டை வாசலில் விசா

போன வாரம் என் கணவர் ஒரு கோட்டை வாசலில் விசா காட்டினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே எடுத்துக் காட்டினார்!

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலை விட்டு நாங்கள் ஏன் மலையேறினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் ஆரணிக்கு பிரியான்சோனில் நர்ஸ் வேலை. இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி மலை நகரம். வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். வேகமாக வர ஒரு வழியும் சொன்னாள் – ரயிலில் இத்தாலிக்குள் போய் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்ப பிரான்சுக்குள் வரலாமாம்.

இவருக்கு வேர்த்துவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே தங்குவதற்கான அட்டையைத்தான் நாங்கள் 'விசா' என்போம். பத்து வருட விசா, ஒரு வருட விசா... இவருடைய பத்து வருட விசா முடிந்து, புதியதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. இப்போது கையில் இருப்பது தற்காலிகக் கடதாசி. செல்லுபடியாகும் கடதாசிதான். ஆனால் செல்லுபடியாவது வேறு, நிம்மதியாக நித்திரை வருவது வேறு இல்லையா?

"இத்தாலிக்குள்ளை போன பிறகு அவங்கள் திரும்ப விடாட்டில் என்ன செய்யிறது? நீர் தனிய வீட்டை போவீரோ?" என்று கேட்டார்.

"விடுவாங்கள் அப்பா. சும்மா பயப்பிடாதேங்கோ" என்றேன். என் குரலிலும் அவ்வளவு உறுதி இல்லை. கடைசியில் பிரான்சுக்குள்ளேயே ஊரெல்லாம் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம்.

பிரியான்சோன் அழகு. அதை மறைக்கக்கூடாது. மதிலுக்குள் பழைய நகரம். செங்குத்தாக இறங்கும் கடைத்தெரு, அதன் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால், குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. வீடுகள் தீப்பிடித்தால் அணைக்க அந்தக் காலத்தில் வெட்டியதாம். இரட்டைக் கோபுரத் தேவாலயம். சுவர்களில் வரைந்த சூரியக் கடிகாரங்கள். அண்ணாந்து பார்த்தால் எந்தப் பக்கமும் மலை, மலை மேலே கோட்டை! எதிரி மலை தாண்டி வந்துவிடுவான் என்ற பயத்தில் அரசர்கள் கட்டியவை. ஊர் முழுக்கப் பயத்தில் கட்டியது. இவருக்குப் பொருத்தமான ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டை வாசலில் ஒரு பெண் நின்றார். கருநீல ஜாக்கெட், கழுத்தில் அட்டை. எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, "செ பூர் லா விசித்?" என்றார். சுற்றிப் பார்க்கவா வந்தீர்கள் என்று கேட்கிறார். பிரெஞ்சில் அது 'விசித்'. இவர் காதில் முன்பாதிதான் விழுந்தது.

விசா!

இவர் தன் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பழைய அட்டை, தற்காலிகக் கடதாசி, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக் கரண்ட் பில்... எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நீட்டினார். பாவம் அந்தப் பெண், திகைத்துப்போனார். அவர் சுற்றுலா வழிகாட்டி!

ஆரணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இது மியூசியம் மாதிரி, இங்கே யார் விசா கேட்கப்போகிறார்கள் என்று அப்பாவின் முதுகில் தட்டினாள். நானும் சிரித்தேன். இவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கோட்டையில் அவர் எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

பின்னேரம் பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் பழைய கல் பாலத்துக்குப் போனோம். ஒரே வளைவு, கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மறுமுனையில் இரண்டு பொலிஸார் நின்றார்கள். எல்லை ஊர், அங்கே அது வழக்கம்தான். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கு போன்ஜூர் சொன்னார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். கூடவே கடதாசியும் கேட்டார்கள்.

நான் கைப்பையைத் திறந்தேன். இவர் நீட்டினார். பார்த்தார்கள், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் என் பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டினேன். அதுவும் சரி. அப்பாடா!

ஆரணியிடம் கேட்டார்கள்.

அவள் காற்சட்டைப் பையைத் தடவினாள். ஜாக்கெட்டைத் தடவினாள். அட்டை அறையில் இருக்கிறது. வேலை செய்கிற ஊருக்குள் நடக்கப்போகும்போது யார் அதையெல்லாம் கொண்டுபோவார்கள்? பாரிஸில் பிறந்தேன் என்றாள். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை என்றாள். பாரிஸில்தான் பிறந்தேன் என்று மறுபடியும் சொன்னாள். இரண்டாவது முறை குரல் மெலிந்துவிட்டது. அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா? பிறகு தலையாட்டி, நல்ல நாளாகட்டும் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

ஆரணி பாலத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா... நான் இஞ்சைதானே பிறந்தனான்?"

"ஓம் பிள்ளை. இஞ்சைதான்" என்றார் இவர்.

நாங்கள் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அவள். எப்போது வாயைத் திறந்து தமிழில் பேசுவாள் என்று எத்தனை வருடமாக ஏங்கியிருப்பேன்... அன்று பேசினாள்.

அந்தக் கேள்வியை அவள் பிரெஞ்சிலேயே கேட்டிருக்கலாம்.