போய்ச் சேராத புரதம்

செல்லுக்குள் புரதம் உருவாகும் பாடம் வந்தால் நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். உட்கருவிலிருந்து செய்தி புறப்படும். ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும். கோத்த சங்கிலி எண்டோபிளாச வலைக்குள் மடிந்து உருவம் பெறும். பிறகு கோல்கை உறுப்பு, அங்கிருந்து சிறு பைகளில் ஏறிச் செல் சவ்வு. வண்ணச் சாக்பீஸில் அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டே போவேன். கடைசி அம்பு சவ்வைத் தொடும்போது மணி அடிக்க வேண்டும் என்று நேரம் பார்த்து நடத்துவேன். வழியில் நின்றுபோகும் புரதம் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேள்வித்தாளில் வராத விஷயம் என்பதால் நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

என் மகள் பிறந்தது மீமிசலில், மனைவியின் பிறந்த வீட்டில். மனைவி என் தாய்மாமன் மகள். மாமாவுக்குக் கடல் தொழில். அந்த வீட்டில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், காய்ந்த துணியும் பிசுபிசுக்கும். குழந்தையை முத்தமிட்டவர்கள் எல்லோரும் உப்புக் கரிக்கிறது என்றார்கள். "உப்புக்காத்துல பொறந்த புள்ள, பின்ன சீனியாவா இனிக்கும்?" என்றார் மாமியாரான என் அத்தை. உப்புக்கட்டி என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கரிப்பு போகவில்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தூக்கினாலும், சற்று நேரத்தில் நெற்றி கரிக்கும்.

"இங்கிட்டு ஏது மச்சான் கடக்காத்து? இன்னமும் கரிக்குதே" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"ஒங்க ஊரு ரத்தமாச்சே, எங்கிட்டுப் போனாலும் விடுமா?" என்று சிரித்தேன். என் அம்மாவுக்கும் அதே ஊர்தான் என்பது அப்போது வசதியாக மறந்துவிட்டது. அவள் கேட்டது சரியான கேள்வி. வீட்டில் உயிரியல் வாத்தியார் ஒருவர் இருந்தும் அதைக் கோட்டை விட்டோம்.

குழந்தைக்குச் சளி வந்தால் போகாது. நன்றாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. உள்ளூர் டாக்டர்கள் பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் இருமல் நிற்காததால் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே குழந்தைகள் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"மாமா மகதாங்க."

"பாப்பாவுக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?"

எனக்கும் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மீமிசல் புள்ளைங்க டாக்டர். உப்புக்கட்டின்னுதான் கூப்பிடுறோம்" என்றேன், ஏதோ குடும்பப் பெருமையைச் சொல்வதுபோல. அவர் சிரிக்கவில்லை. வியர்வையில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் என்று முடிவு வந்தது. சவ்வில் வாசல் மாதிரி நின்று உப்பைப் போகவர விட வேண்டிய ஒரு புரதம். அதை என் மகளின் செல்கள் உருவாக்கத்தான் செய்கின்றன. மடிப்பில் ஒரு சின்னப் பிசகு. எண்டோபிளாச வலையிலேயே அதைத் தடுத்து நிறுத்திச் செல் அழித்துவிடுகிறது. வாசல் இல்லாததால் வியர்வையில் உப்பு தங்குகிறது, நுரையீரலில் சளி பசையாகக் கட்டுகிறது.

"போய்ச் சேர்ந்திருந்தா அது ஓரளவுக்கு வேலை பாத்திருக்கும் சார்" என்றார் டாக்டரம்மா. பிறகு தயங்கி, "நீங்களும் முன்னாடியே வந்திருந்தா நுரையீரலை இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சில நாள் அது கோபமாகிவிடுகிறது. என் மேல், அந்தப் பாடத்தின் மேல், சம்பந்தமே இல்லாமல் கடல் மேலும். அந்தப் புரதத்தைச் சவ்வு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன. எங்களுக்கு இன்னும் எட்டவில்லை. எட்டினாலும் நுரையீரலில் கெட்டுப்போன இடம் திரும்ப வராதாம்.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. மழை பிடித்துக்கொண்டால் அவளுக்குச் சளி முற்றி மூச்சு முட்டும். காலையும் மாலையும் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, சளி இளகி வரும்வரை முதுகில் தட்டுவது என் வேலை. நேற்று தட்டிக்கொண்டிருந்தபோது தலையணையில் முகத்தை வைத்தபடியே கேட்டாள்:

"அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிட்டா இத யாருப்பா தட்டுவா?"

"நானே ஒன் வீட்டுக்கு வாரேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டாள். எனக்கு, வரும் ஐப்பசி மழையை அவள் தாண்டிவிட்டால் போதும்.