ருக்குமணியக்கா கலங்கரை விளக்கம் ஏறிய நாள்

மறையூரில் மகள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பால் சங்கத்திலிருந்து போன் வந்தது. காலைப் பால் முடிந்து கேனெல்லாம் வண்டியேறியிருக்கும் நேரம். அந்த நேரத்தில் அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இப்போது என் இடத்தில் பால் பரிசோதிக்கிற சித்ரா, "அக்கா, பெரியக்கா போயிட்டாங்கக்கா" என்றாள். எந்தப் பெரியக்கா என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஊருக்குப் பெரியக்கா ருக்குமணியக்கா ஒருவர்தான். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு, பிழிந்து வைத்த துணியையே மறுபடி எடுத்துப் பிழிந்துகொண்டு நின்றேன்.

மறையூரிலிருந்து வடகரப்பதிப் பக்கம் எங்கள் ஊருக்கு வர, காட்டு வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சி போய், மறுபடி எல்லை தாண்ட வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியது எங்கள் தலையெழுத்து. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏனுங்க, இப்புடி அழுவறீங்க? ஆருங்க தவறிட்டாங்க?" என்றார். "எங்க சங்கத்து செக்ரட்டரிங்க" என்றேன். "செக்ரட்டரிக்குங்களா இந்த அழுவ?" என்றார் அவர். ஆமாம், செக்ரட்டரிக்குத்தான். அவரைப் பார்த்திராதவர்களுக்கு அதை எப்படி விளக்குவது? இதைப் படிக்கிற நீங்கள் பலரும் அவர் கையில் பால் ஊற்றியவர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தில் நாங்கள் இரண்டே பேர். அவர் அளப்பார், நான் பரிசோதிப்பேன். விடியற்காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, வருஷம் பூராவும். தீபாவளி கிடையாது, ஓணம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருநாள், "ஞாயித்துக்கெழமையாவது லீவு உடக்கூடாதுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அளவைக் குவளையைக் கீழே வைக்காமலே, "மாட்டுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா புள்ள?" என்றார். அன்றோடு லீவு என்ற சொல்லை என் வாய் மறந்தது.

கறாரானவர் என்று நீங்களே பலமுறை முணுமுணுத்திருக்கிறீர்கள். அவருடைய சொந்தக் கொழுந்தனார் ஒருநாள் கொண்டுவந்த பாலில் லாக்டோமீட்டரை விட்டேன். அது விழுந்தடித்துக்கொண்டு அடிக்கு இறங்கியது. தண்ணீர்ப் பால். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கேனை வாங்கி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு, "செடிக்குத்தாங்க நீங்க கொண்டாந்தது, செடிக்கே ஊத்தியாச்சு" என்றார். கொழுந்தனார் மூன்று மாதம் அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை. பால் மட்டும் மறுநாளே சுத்தமாக வந்தது.

அப்படிப்பட்டவர் எங்கேயும் போனதில்லை. கல்யாணங்களுக்குக் காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடிவருவார். தன் மகள் கல்யாணத்துக்கே, ஜோசியர் சொன்ன முகூர்த்தம் பால் நேரத்தில் விழுகிறதென்று வேறு முகூர்த்தம் கேட்டு வாங்கினார். "மாப்பிள்ளைக்கு முந்திக் கேனுக்கு மால போட்டிருப்பீங்க" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் சங்கத்துச் சுவரில் ஒரு மாட்டுத்தீவனக் காலண்டர் தொங்கியது. வருஷம் முடிந்தும் அவர் அதைக் கழற்ற விடவில்லை. அதில், கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிப் போட்ட ஒரு வழியும், வழி முடிகிற இடத்தில் பழங்காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்றும் இருந்தன. நம் மேற்குக் கரையில்தான், துறைமுகத்துக்கு அலை அடிக்காமல் இருக்கப் போட்ட கல்கட்டு. "இங்கெல்லாம் எந்த வழில போனாலும் ஏதோ ஒரு ஊருக்குப் போய்ச் சேந்துடறோம். அது பாரு, கடலுக்குள்ள போயி சும்மா நின்னுக்குது. அதுல ஒருக்கா நடக்கோணும் கனகு" என்பார்.

பிறகு அவர் முழங்கால்கள் தேய ஆரம்பித்தன. இனிமேல் படி ஏறக் கூடாது, நடையையும் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் காலண்டரை வெகு நேரம் பார்த்தார். "இப்பப் போனாத்தான் உண்டு" என்றார். என்னையும் கூட வரச் சொன்னார், தனியாகக் கல்லில் நடக்க முடியாதென்று. எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தச் சமயத்தில் தனியார் பால் வேன் ஒன்று எங்கள் ஊர் முக்கில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தது. நிறைய மாடுகள் வைத்திருந்த ரங்கசாமியண்ணன், சங்கம் ஒரு நேரம் கதவடைத்தாலும் நான் வேனுக்கு ஊற்றிவிடுவேன் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனால் பாதி ஊர் பின்னாலேயே போகும், சங்கம் படுத்துவிடும். அதனால் காலைப் பால் முடிந்ததும் கிளம்பிச் சாயங்காலப் பாலுக்குத் திரும்பிவிடுவது என்று கணக்குப் போட்டு வாடகைக் கார் பிடித்தோம். உலகமே இரண்டு பாலுக்கு நடுவில் திறந்துதான் இருக்கும் என்று பால்காரர்களைத் தவிர வேறு யார் நினைப்பார்கள்!

வெயில் உச்சிக்கு ஏறும்போது கல்கட்டில் கால் வைத்தோம். இருபக்கமும் மாடு படுத்த மாதிரி பெரிய பெரிய பாறைகள், நடுவில் ஏறக்குறைய மட்டமான ஒரு தடம். தூண்டில்காரர்கள் சிலர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்து உறுமும்போதெல்லாம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்குதுங்களா?" என்றேன். "பயமென்ன, லாக்டோமீட்டர் கொண்டாராம உட்டுட்டமேன்னு பாக்கறேன். இதுல எவ்வளவு தண்ணி கலந்திருக்கானோ" என்றார். உப்புத் தண்ணீரில் மீட்டர் நன்றாக மேலே நிற்கும், இவ்வளவு கெட்டிப் பாலை நம் ஊர் கண்டதில்லை என்று நானும் சொன்னேன். சிரித்துச் சிரித்து நடந்ததில் கால் வலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தால், கலங்கரை விளக்கம் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கே துறக்கூ, சேச்சி" என்றார். மூன்று மணிக்கு மேல்தான் ஆட்களை ஏற விடுவார்களாம். நான் விடுவேனா? நாங்கள் பால் சங்கத்துக்காரர்கள், எங்களுக்கு மூன்று மணி என்பது ஊரில் இருக்க வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். பாவம், நல்ல மனுஷன். சட்டம் சட்டம்தான் என்று கையை விரித்தார். "வாங்கக்கா, போலாம். நடந்தாச்சில்ல, அது போதும்" என்றேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாரே தவிர எழுந்திருக்கவில்லை.

பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? சாட்சாத் ரங்கசாமியண்ணனை. "அண்ணா, ருக்குமணி பேசறனுங்க. இன்னைக்குப் பொழுதோடப் பாலுக்குச் சங்கம் தெறக்காதுங்க. ஊடு ஊடாச் சொல்லி உட்டுருங்க. கன்னுக்குட்டிகள அவுத்து உட்டுரச் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் அண்ணன் கத்தியது எனக்கே கேட்டது. "ஏம்மா, வெயில்ல தல கில சுத்துதா? அம்புட்டையும் குடிச்சாக் கன்னுக்கு வவுறு கழியாதா?"

"ரெண்டு காம்பு உடுங்கண்ணா. மிச்சத்தக் கறந்து காச்சி நீங்க குடிங்க. நம்மூட்டுப் பால நாம என்னைக்கு வயிறாரக் குடிச்சிருக்கறோம்?"

"நான் வேனுக்கு ஊத்தீருவேன் பாத்துக்க!"

"ஊத்தறதா இருந்தா ஊத்திக்கங்க. ஆனாக் கன்னு குடிச்ச பொறகு ஊத்துங்க" என்று வைத்துவிட்டார். கொண்டுபோயிருந்த தயிர்ச் சோற்றைப் பிரித்தோம். எனக்கு இறங்கவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை இப்படி ஒரு போனில் அவிழ்த்துவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது. அவர் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக் காவல்காரருக்கும் ஊறுகாய் கொடுத்தார்.

மறுநாள் காலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருட்டோடு போய்ச் சங்கத்தைத் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக ரங்கசாமியண்ணன் கேனோடு நின்றிருந்தார். முகம் கடுகடு. அக்கா, "வேன் வந்துச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். "வந்தான். நின்னு ஆரன் அடிச்சான். ஊத்தறதுக்கு ஊர்ல பால் இருந்தாத்தானே?" என்றார் அண்ணன். "எம் பேரன் நேத்துக் குடிச்ச ருசில இன்னைக்கும் சொம்பத் தூக்கிட்டுத் தொழுவத்துல நிக்கறான். எல்லாம் உன்னால வந்த வென." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அன்று வரிசை ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அடுத்து வந்த மாட்டுப் பொங்கல் முதல், அந்த ஒரு சாயங்காலம் சங்கம் திறப்பதில்லை, கன்றுகளுக்கு விட்டுவிடுவது என்று நீங்களெல்லாம் கூடித்தான் முடிவு செய்தீர்கள். இது ஊரே அறிந்த கதை.

கோபுரத்தின் மேலே நடந்தது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். மூன்று மணிக்குக் காவல்காரர் பூட்டைத் திறந்தார். படிகள் சுழன்று சுழன்று ஏறின. அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இழுத்து வைத்தார். காவல்காரர்கூட, "மதி சேச்சி", போதும் என்று கெஞ்சினார். "நீ முன்னால போ கனகு. பின்னால வந்தீன்னாப் பாவமாப் பாத்துக்கிட்டே வருவ" என்று அக்கா என்னை விரட்டினார். மேலே போனதும் காற்று சேலையைப் பறித்தது. எதிரே அவ்வளவு கடல் கிடக்க, அவர் கிழக்கே திரும்பி, நாங்கள் நடந்து வந்த கல்வழியையும் அதற்கப்பால் தென்னை மரங்களையும் பார்த்தார். "நம்மூரு அக்கட்டத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பழக்கதோஷம், என் கண் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. பால் நேரம். அவர் சட்டென்று என் மணிக்கட்டை மூடிப் பிடித்துக்கொண்டார்.

வெயில் மஞ்சளாகத் தொடங்கியது. "நான் அங்க இல்லாமயே பொழுது எறங்குது பாரு, கண்ணு" என்றார். அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் நான் பார்த்திராத சிரிப்பு. "நான் ஒருநாள் கைய எடுத்தா ஊரே கீழ உழுந்துரும்னு இத்தன நாளும் பயந்துக்கிட்டே இருந்தேன் கனகு. நெம்பப் பயம்" என்றார். அவருக்கு வேலை மேல் ஆசை என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். பயமா அவரை அத்தனை வருஷமும் விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிவந்தது என்று எனக்கு அழுகை முட்டியது. அவரோ கட்டுக்கயிறு அவிழ்த்த கன்று போலத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது, அவருடைய மகள் வரட்டும் என்று அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். சங்கம் திறந்திருந்தது. சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் வாங்கினாள். ஊற்றியவர்கள் காலிக் கேனோடு ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். ஒரு துளியும் சிந்தவில்லை, எதுவும் கீழே விழவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா, நீங்கள் இல்லாமலேதான் இறங்கியது. மேலே நின்று நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை நான் வைத்திருக்கிறேன், யாருக்கும் தரமாட்டேன். ஆனால் என்னால் இன்னும் அப்படிச் சிரிக்க முடியவில்லை.